முத்திரை வைத்த ஸ்டோரும் பேட்டரி வண்டியும்

பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்டைப் பேட்டரியில் ஓடுவதாக வாங்குவதா, டீசலில் ஓடுவதாக வாங்குவதா என்று மீட்டிங் போட்டே எங்கள் தொழிற்சாலையில் ஒரு கோடையைக் கழித்தார்கள். அறுபதுகளின் நடுவில் திருச்சியில் அது புதுசு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டுப் போய் இறங்கினால் மறுபடியும் அதே பேச்சு. முரட்டு வேலைக்கு டீசல்தான் ஆகும் என்பார் கொள்முதல் அதிகாரி. சாமான் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த நான், என் ஸ்டோருக்குள் அந்தப் புகையை யார் குடிப்பது என்று கேட்டால், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பார். ஸ்டோருக்கு ஜன்னலே கிடையாது.

எனக்குத்தான் அவசரம். மருங்காபுரியிலிருந்து வந்து என்னிடம் பாரம் தூக்கிக்கொண்டிருந்தவருக்கு முதுகு போய்விட்டது. இனிமேல் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். தூக்காதவருக்கு வேலை இல்லை என்றது நிர்வாகம். வண்டி வந்தால் அவரே ஓட்டட்டும் என்று மன்றாடி, அதுவரை அவரை வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினேன்.

ஒருவழியாகப் பேட்டரி வண்டியே வந்தது. பூசணிக்காய் உடைத்தோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவரும் சீக்கிரமே ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால், சார்ஜ் தீர்ந்து வண்டி நகரவில்லை. அதற்கு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற வேண்டும். நாங்களோ தீ விபத்துக்குப் பயந்து, சாயங்காலம் மெயின் ஸ்விட்சை இறக்கி, கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போகிறவர்கள். அத்தனை மீட்டிங்கிலும் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. பகலில் சார்ஜ் போட்டால் பகல் வேலை நின்றுபோகும்.

ராத்திரி கரண்ட் விடச் சொல்லிக் காவல் பிரிவிடம் போனேன். மின்சாரப் பிரிவு எழுதித் தரட்டும் என்றார்கள். மின்சாரப் பிரிவோ, காவல் பிரிவு முதலில் எழுதித் தரட்டும் என்றது. நடையாய் நடந்தேன். ஓடாத வண்டிக்கு எதற்கு டிரைவர் என்று நிர்வாகம் கேட்க ஆரம்பித்தது.

அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "நீங்க அலையாதீங்க சார். சின்னப் பெட்டியா பாத்துத் தூக்குறேன். வேலை போயிடுச்சுன்னா வீட்ல என்ன பண்ணுவாங்க?" என்றார். வேண்டாம் என்று நான் தடுப்பதற்குள் குனிந்துவிட்டார். நிமிர முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவருடைய அண்ணன் வந்து அங்கிருந்தே ஊருக்குக் கூட்டிப் போனார்.

அதற்கப்புறம் அனுமதி வந்தது. சார்ஜருக்கு மட்டும் தனி லைன் இழுத்தார்கள். மறுநாள் முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தேன். முழு சார்ஜோடு வண்டி நின்றது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் ஊரில் பாயோடு பாயாகக் கிடந்தார்.