நான் படிக்காத கல்லூரியின் அணி

எங்கள் கல்லூரி என்று நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கல்லூரியில் நான் ஒரு நாளும் படித்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பல்கலைக்கழக வாசல்வரை படிக்கக்கூடிய பெரிய பள்ளிக்கூடம். அந்தக் கல்லூரி மைதானத்தின் மதிலை ஒட்டியிருந்த பேக்கரியில் நான் வேலை செய்தேன். காலையும் மாலையும் மாணவர் விடுதிக்குப் பாணும் பணிஸும், அதாவது ரொட்டியும் பன்னும், கொண்டுபோய்க் கொடுப்பேன். கல்விக்கும் எனக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி விளையாடி நான் பார்க்காத ஆட்டம் குறைவு. பேக்கரியின் விறகு அடுக்கில் ஏறி நின்றால் மதிலுக்கு மேலால் மைதானம் முழுவதும் தெரியும். அணி தோற்ற ஒரு நாள், இருந்த கவலையில் மாவுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். தோற்ற பிள்ளைகளே மறுநாள் காலையில் அந்தப் பாணையும் தின்றார்கள். ரசிகன் என்பவன் தன் அணிக்கு நல்லது செய்வான் என்று யாராவது சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். செவன் கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்துகொண்டு சான்ட்விச் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். முதல் கோடையிலேயே பலசரக்குக் கடையின் கண்ணாடியில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். யாழ்ப்பாணக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒரு பூங்காவில் உதைபந்தாட்டப் போட்டி நடத்துகின்றன என்று அதில் போட்டிருந்தது. எங்கள் அணியின் பெயரும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

ஆடியவர்களில் பலருக்கு வயிறு வைத்திருந்தது. ஓடுவதைவிட ஒருவரை ஒருவர் ஓடச் சொல்லிக் கத்துவதுதான் அதிகம். ஆனாலும் எங்கள் அணியின் நிறச் சட்டையைக் கண்டதும் என்னை அறியாமல் கத்தத் தொடங்கிவிட்டேன். நான் வழக்கமாகப் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தாலும், முன்னால் நிற்பவரை விலகச் சொல்ல வெட்கப்பட்டு, அடுத்த தரிப்புவரை போய் நடந்து வருகிற ஆள். மைதானத்தின் ஓரத்தில் மட்டும் எனக்கு எங்கிருந்தோ ஒரு தொண்டை வரும்.

அந்தத் தொண்டைதான் என்னை மாட்டிவிட்டது. சங்கத்தின் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், கணக்காளர், எதையும் கோப்பில் போட்டு வைக்கிறவர். அவர் தேத்தண்ணியோடு பக்கத்தில் வந்து, "அண்ணை, எங்கட ஆள்தானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதில் பொய் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அடுத்ததாக எந்த வருடத்து மாணவன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் நரையைப் பார்த்து அவரே ஒரு வருடத்தைச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இல்லை என்று சொல்ல எனக்கு வராது. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியுமா என்று கேட்டபோதும் இப்படித்தான் தலையாட்டிவிட்டு, மயோனைஸ் நிறைந்த இரண்டு பெரிய வாளிகளை நிலத்தில் கவிழ்த்தேன். அதைக் கழுவ அரை நாள் ஆனது. இதைக் கழுவப் பத்து வருடம் ஆனது.

என் பெயர் சங்கத்தின் புத்தகத்தில் ஏறியது. மைதான ஓரத்தில் சங்கம் போடும் கூடாரத்தில் எனக்கு உட்கார ஒரு கதிரை கிடைத்தது. மற்றவர்கள் பழைய ஆசிரியர்களைப் பற்றிக் கதைக்கும்போது நான் எல்லாருக்கும் அரை நொடி பிந்திச் சிரிப்பேன். யாராவது ஓர் ஆசிரியரின் பிரம்பைப் பற்றிச் சொன்னால் நானும் உள்ளங்கையைத் தடவிக்கொள்வேன். இத்தனை பேர் மறந்துபோன ஆட்டங்களின் கோல் கணக்கு எனக்கு நினைவிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இவருக்கு எவ்வளவு ஞாபக சக்தி, பரீட்சையில் எப்படிச் செய்தாரோ என்று ஒருவர் வியந்தார். தலையாட்டினேன்.

குளிர்காலத்தில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ஒரு விளையாட்டு மண்டபத்தில் கூடைப்பந்து நடக்கும். கல்லூரிக்கு அந்த அணியும் இருந்ததால் அதற்கும் போனேன். கூடைப்பந்தின் சட்டம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மத்தியஸ்தர் ஊதுகிறார், எல்லாரும் நிற்கிறார்கள், ஏன் என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதற்கேற்ப என் முகத்தை வைத்துக்கொள்வேன். உதைபந்தில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து ஒரு கோலுக்காகச் சாகலாம். கூடைப்பந்தில் நிமிடத்துக்கு ஒன்று விழுகிறது, கவலைப்பட நேரமே விடுகிறார்கள் இல்லை. என்னைப் போன்றவனுக்கு அது ஆகாத விளையாட்டு.

சில வருடம் கழித்து மனைவி வந்து சேர்ந்தாள். ஒரு ஞாயிறு அவளும் பூங்காவுக்கு வந்து, செயலாளர் என்னை "எங்கட சீனியர்" என்று அறிமுகப்படுத்தியதைக் கேட்டாள். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில்தான் கேட்டாள்.

"நீங்கள் அந்தக் கொலிச்சுக்குப் பாண் குடுக்கத்தானே போனனீங்கள்?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"எப்ப பாஸ் பண்ணினனீங்கள்? பாண்லயோ, பணிஸ்லயோ?"

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டியில் எங்கள் அணி முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அதற்குக் காரணம் ஜெர்மனியில் இருந்து புதிதாக வந்த ஒருவர். பின்வரிசையில் ஆடுவார். நல்ல உயரம், மொட்டைத் தலை. அவரைத் தாண்டிப் பந்து போகாது. அவர் ஓடுவதை மதிலுக்கு மேலால் பார்த்த ஞாபகம் எனக்கு இருந்தது. இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வந்தது பரம எதிரிக் கல்லூரி. அதன் முகாமையாளர், ஒரு காலத்தில் அவர்களின் அணித்தலைவராக இருந்தவர், இந்தப் பின்வரிசைக்காரர் எங்கள் பழைய மாணவரே இல்லை, வெளியாள் என்று முறைப்பாடு கொடுத்துவிட்டார்.

சான்றிதழ் காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இடம்பெயர்ந்து ஓடியவர்களிடம் சான்றிதழ் எங்கே இருக்கும்? அதற்காகப் போட்டியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் கூடப் படித்த இருவர், இவர் எங்களோடு படித்தவர் என்று கையெழுத்து வைத்தால் போதும். ஒருவர் கிடைத்துவிட்டார். இரண்டாவது ஆளைச் செயலாளர் தன் கோப்பில் தேடினார். பத்து வருடத்துக்கு முன் என் நரையைப் பார்த்து அவர் சொன்ன வருடம், அந்தப் பின்வரிசைக்காரரின் வருடமாகவே அமைந்துவிட்டது.

படிவத்தோடு செயலாளரும் அவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். பின்வரிசைக்காரர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். என்னை ஞாபகம் வரவில்லை என்று தயக்கத்தோடு சொன்னார். அண்ணை சரியான அமைதி, வகுப்பில் கடைசி வாங்கில் இருந்திருப்பார் என்று செயலாளர் எனக்காகப் பதில் சொன்னார். என் வாழ்க்கையில் பாதிப் பொய்யை மற்றவர்கள்தான் எனக்காகச் சொல்லியிருக்கிறார்கள். மனைவி தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தாள்.

பின்வரிசைக்காரர் மெதுவாகச் சொன்னார். "இஞ்சை ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலையும் நீ ஆர் எண்டு காட்டு, காட்டு எண்டுறாங்கள். என்னட்டை ஒரு துண்டுப் பேப்பர் இல்லை. படிச்ச கொலிச்சுக்கும் காட்டவேணும் எண்டால் நான் எங்கை போறது?"

கையெழுத்து வைத்தால் அவர் ஆடுவார். ஆனால் என் பொய் ஒரு நாள் வெளியே வந்தால் அவருடைய உண்மையும் சேர்ந்து பொய்யாகிவிடும். வைக்காவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். சொன்னால் கூடாரமும் கதிரையும், லண்டனில் எனக்கென்று இருந்த ஒரே கூட்டமும் போய்விடும். கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வைத்துத் தருகிறேன் என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர்கள் மரியாதைக்காரர்கள், கவனிக்காததுபோல் போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை, ஒரு மரத்தடியில் மேசை போட்டு, மற்றக் கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று பேர் விசாரணைக்கு இருந்தார்கள். ஒரு பக்கம் எங்கள் செயலாளரும் பின்வரிசைக்காரரும். மறு பக்கம் எதிரணி முகாமையாளர். நான் நடுவில். பின்னால் எல்லைக் கயிற்றுக்கு வெளியே அரைவாசிக் கூட்டம். நீங்கள் இவரோடு படித்தீர்களா என்று மேசையில் இருந்தவர் கேட்டார். என் தலை வழக்கப்படி ஆடத் தொடங்கியது. பின்வரிசைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைப் பிடித்து நிறுத்துவதுபோல் நிறுத்தினேன்.

"இல்லை. நான் அங்கை படிக்கேல்லை. விடுதிக்குப் பாண் குடுத்தனான்."

செயலாளர் தன் கோப்பைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடினார். பாண்காரரைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல விடுகிறார்கள் என்று எதிரணி முகாமையாளர் மேசையைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. பாண்காரர் என்றதற்காக இல்லை. நான் பார்த்த ஆட்டங்களைப் பார்க்காதவையாக ஆக்கிவிட்டார் என்றுதான்.

படிக்கவில்லை, ஆனால் பார்த்தேன் என்றேன். விறகு அடுக்கைப் பற்றிச் சொன்னேன். இந்த இரண்டு கல்லூரிகளும் ஆடிய ஒரு மழைநாள் ஆட்டத்தைச் சொன்னேன். கடைசி நிமிடங்களில் எங்கள் பின்வரிசைப் பொடியன் ஒருவன் பந்தைத் தலையால் கீப்பரிடம் தட்டினான். கீப்பர் தன் இடத்தில் இல்லை. பந்து எங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் உப்பை இரண்டு தரம் போட்டேன். அந்தப் பொடியன் இவர்தான். அப்போது மெலிவு, தலை நிறைய மயிர். ஆனால் அந்த ஓட்டம், இடது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடும் ஓட்டம், மாறவில்லை.

எதிரணி முகாமையாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆர் சொன்னது? அது நான் அடிச்ச கோல். எங்கட கொலிச் மகசீனிலை இருக்கு."

"நீங்கள் அப்ப சேத்துக்கை விழுந்து கிடந்தனீங்கள்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாரும் பின்வரிசைக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. ஒரு மனிதன் முப்பது வருடமாக மறைத்து வைத்த அவமானத்தை, அவருக்கு உதவி செய்கிறேன் என்று, கயிற்றுக்கு வெளியே நின்ற அவருடைய மனைவி பிள்ளைகள் கேட்கப் போட்டு உடைத்துவிட்டேன். இது முழுப் பொய் என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அவர் எதிரணி முகாமையாளரிடம் திரும்பினார். "கோல் என்ரைதான். விசில் ஊதின பிறகு நீர் வந்து எனக்குக் கை தந்து, காதுக்குள்ளை என்ன சொன்னனீர்?"

முகாமையாளர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"‘தாங்ஸ் மச்சான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை’ எண்டு சொன்னனீர். இண்டுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கயிற்றுக்கு வெளியே யாரோ சிரிக்கத் தொடங்கி, அது பரவியது. முகாமையாளர் பின்வரிசைக்காரரின் மொட்டைத் தலையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்தவர்களிடம், "முறைப்பாட்டைக் கிழியுங்கோ. அவன்தான்" என்றார்.

பின்வரிசைக்காரர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, இனி வீட்டில் தனக்கு மரியாதை இருக்காது என்று மட்டும் சொன்னார். செயலாளர் நல்ல மனிதர், தனியாக என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னார். குறை நினைக்கவேண்டாம், சங்கத்தின் யாப்பில் விதி அப்படி, பெயரைப் புத்தகத்திலிருந்து எடுக்கவேண்டும், கூடாரம் அங்கத்தவர்களுக்கு மட்டும்தான் என்றார். தலையாட்டினேன். அந்த ஒரு தடவை அது சரியான பதில்.

ஆட்டம் தொடங்கியபோது நான் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்த வாய் வரவில்லை. எந்த உரிமையில் கத்துவது என்று ஒரு புதுக் கூச்சம். எதிரணி முகாமையாளர் அதைக் கண்டு தன் கூடாரத்திலிருந்து கையைக் காட்டினார்.

"அண்ணை, இஞ்சாலை வாங்கோ. நாங்கள் சேட்டிபிக்கேற் கேக்கமாட்டம். என்ரை கோலைப் பறிச்சுப்போட்டியள், ரோலாவது தின்னுங்கோ."

கூப்பிட்டால் போகாமல் இருக்க எனக்குத் தெரியாது. போய் எதிரிகளின் கதிரையில் இருந்தேன். தட்டில் இரண்டு மட்டன் ரோல்ஸ் வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கூடாரத்து ரோல்ஸைவிட நன்றாக இருந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கூடாரம் முழுவதும் எழுந்து நின்று துள்ளியது. நான் மட்டும் வாய் நிறைய ரோலோடு இருந்தேன். முகாமையாளர் என் தோளில் தட்டி, எழும்புங்கோ, இனி நீங்கள் எங்கட ஆள் என்றார். அவர்களின் அன்பில் குறை இல்லை. என் முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.

முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எங்கள் பின்வரிசைக்காரர் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, இடது தோளைத் தள்ளிக்கொண்டு, மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டி ஓடினார். அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம். நான் தட்டைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்து, எதிரிகளின் கூடாரத்துக்குள் நின்றபடியே அவருக்காகக் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்து கோல் கம்பத்துக்கு மேலால் போனது. நான் நிறுத்தவில்லை.