நடந்தாச்சு, வந்து சேரலை

எங்கள் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு 'நாலுமணி அக்கா' என்று பெயர். வைத்தவன் நான்தான். டீ வேணுமா என்று கேட்டால்கூட நாலு மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும், அப்படி ஒரு அழுத்தக்காரி.

விண்கலம் புறப்பட்ட வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷமாக அது அந்த நீல வாயுக் கோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது; இவர் அதே கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவருக்கென்று இருந்தது, அவரே வளர்த்த தம்பி ஒருவன்தான்.

கலத்திலிருந்து எந்தச் செய்தியும் எங்களை எட்ட நாலு மணி நேரம் ஆகும். "என்னாச்சு?" என்று மேலதிகாரி குதித்தால் அக்கா நிமிராமல் சொல்வார்: "நடந்தாச்சு சார், வந்து சேரலை."

கலம் கோளைக் கடப்பதும் தம்பிக்கு இதய ஆபரேஷனும் ஒரே நாளில் வந்து தொலைந்தன. "உள்ளே போறதுக்கு முன்னாடி உன் குரலைக் கேட்கணும்க்கா" என்றிருந்தான். பத்து மணிக்குப் பேசுவதாகச் சொல்லியிருந்தார். செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் நாங்கள் உள்ளே வர வேண்டும்.

கோளுக்குப் பின்னால் மறைந்த கலத்தின் சமிக்ஞை ஒன்பதரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. பத்தானது.

"போய்ப் பேசிட்டு வாங்கக்கா, நான் பார்த்துக்கறேன்."

வெகுநேரம் கழித்து, "இப்ப வந்துரும்" என்றார்.

இரண்டு மணிக்கு வந்தது. திரை முழுக்க நீலம். பைத்தியம் பிடித்தவர்கள்போல் கத்தினோம். அவர் மட்டும் வாசலுக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன்.

பதினோரு மிஸ்டு கால். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குத் தம்பி அனுப்பிய குரல் பதிவு ஒன்று. அதற்குப் பிறகு தம்பி மனைவியின் செய்தி. திறக்காமலே முதல் வரி தெரிந்தது: 'அண்ணி, அவரு நம்மளை விட்டுட்டுப் போயிட்டாரு...' அவரும் பார்த்தார், நிச்சயம் பார்த்தார்.

ஆனால் விரல் குரல் பதிவைத்தான் அழுத்தியது.

"அக்கா, கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. வேலையா இருப்பே, பரவாயில்லை. வந்து பேசறேன்."

மறுபடி அழுத்தினார். மறுபடியும். நாலு மணி நேரம் பழைய குரல்.

தாங்க முடியாமல் கேட்டேன்: "ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லட்டுமாக்கா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவரிடமிருந்து உடனே வந்த பதில் அது ஒன்றுதான்.

"இருப்பா. இன்னும் வந்து சேரலை."