ஒரிஜினல் கார்டும் லாக்கர் நாப்பத்தொண்ணும்

சிரிக்க வர்ற ஜனங்களை வாசல்லயே மொறைக்க வைக்கிறதுதான் என் தொழில். திருப்பதி–புத்தூர் ரோட்டுல ஒரு வாட்டர் பார்க், அதோட சேர்ந்த ரிசார்ட், அதுல ஒரு கவுண்டர், அதுக்குப் பின்னால நான். மலையில சாமி பாத்துட்டு, காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பாத்துட்டு, பசங்க நச்சரிப்பு தாங்காம கடைசியா எங்ககிட்ட வர்ற கும்பல்தான் எங்களுக்குச் சோறு போடுது. உங்கள்ல பாதிப் பேர் "தண்ணியில வெளையாட கார்டு எதுக்குங்க?"ன்னு என்கிட்ட சண்டை போட்டிருப்பீங்க. மீதிப் பேர் என்னை மாதிரி எங்கேயாவது ஒரு கவுண்டர்ல உட்கார்ந்து அந்தச் சண்டையை வாங்கிக் கட்டிக்கினு இருப்பீங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் இதைப் படிங்க.

ஒரு நாள் டிக்கெட்

அப்போ எல்லாம் ரூம் எடுக்கறவங்ககிட்ட மட்டும்தான் ஆதார் கேப்போம். காலையில வந்து சாயங்காலம் போற ஆளுங்களுக்கு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்து, கையில லாக்கர் சாவியை மாட்டி விட்டுடுவோம், பேர் கூட கேக்க மாட்டோம். அப்படி வந்தவர்தான் அவர். நாப்பது வயசுக்குள்ள இருக்கும். புது மொட்டை, மீசையும் எடுத்தாச்சு, தலையில சந்தனம் இன்னும் காயல. தனியா வந்திருந்தார். வாட்டர் பார்க்குக்கு யாருங்க தனியா வருவாங்க? கேட்டுட்டேன். பசங்களைக் கூட்டினு வரணும், மொதல்ல நான் பாத்துட்டுப் போறேன்னார். எவ்ளோ ஒயரம் இருந்தா சறுக்குல விடுவீங்க, தண்ணி எவ்ளோ ஆழம், உள்ள சோறு எடுத்துக்கினு போலாமா, எல்லாத்தையும் வெசாரிச்சார். பேச்சு எங்க பக்கத்துப் பேச்சு. எனக்கு ஊர் நகரி, ஆந்திராவுல.

மத்தியானம் பசங்க குளத்தோரமா காலை நனைச்சுக்கினு உட்கார்ந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். லைஃப்கார்டு முனிரத்னம் ஓடிப் போய் நெஞ்சை அமுக்கினான், 108 வந்துச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. ஹார்ட் அட்டாக். எங்க வாடகை நைலான் டிரெஸ்ல பாக்கெட் கெடையாது. லாக்கரைத் தொறந்தா ஒரு வேட்டி, ஒரு சட்டை, லட்டு கவர், பஸ்ஸுக்கு ஆவற அளவுக்குச் சில்லறை. போனும் இல்ல, கார்டும் இல்ல. போனை மலைக் கூட்டத்துல எவனாவது அடிச்சிருக்கணும். ஆம்புலன்ஸ்காரர் பேர் என்னன்னு கேட்டார். முனிரத்னம்தான் அவர் கையில கெடந்த சாவியைப் பாத்துட்டுச் சொன்னான்: "நாப்பத்தொண்ணுன்னு எழுதிக்கோங்க சார்."

தமிழ் பேசினவர்

அன்னையிலேர்ந்து அவர் எங்களுக்கு நாப்பத்தொண்ணுதான். உடம்பை மார்ச்சுவரியில வெச்சாங்க. வீட்டு ஆளு யாராவது வந்து கேட்டா குடுப்பாங்க, வரலன்னா கொஞ்ச நாள் பாத்துட்டு முனிசிபாலிட்டியே பொதைச்சிடும். சறுக்குக்கு ஒயரம் கேட்ட மனுஷன். வீட்ல அந்த ஒயரத்துக்குப் பசங்க வாசலைப் பாத்துக்கினு இருக்குமே.

வெசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். தெலுங்குக்காரர், நல்ல மனுஷன், டீ குடிச்சுக்கினே எழுதினார். என்ன பாஷை பேசினார்னு கேட்டார். தமிழ்னு சொன்னேன். அவ்ளோதான், பேனாவை மூடிட்டார். அப்போ தமிழ்நாட்டு ஆளு, வேலூர், திருவள்ளூர் பக்கம் போட்டோ அனுப்பிடலாம்னார். சார், நகரி, விஜயபுரம், சத்தியவேடுன்னு இந்தப் பக்கமே ஊர் ஊரா தமிழ் பேசறவங்க கீறோம், இங்கேயும் தேடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கினேன். நானே தமிழ்தான் பேசறேன், என் கார்டுல ஆந்திரா அட்ரஸ்தானே கீதுன்னு எடுத்தும் காட்டினேன். அவர் என் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, நம்ம ஊருங்கறதை மட்டும் தெலுங்குல சேத்துச் சொன்னார்: "நீ வேறம்மா, நீ மன ஊரு பொண்ணு."

மூணு மொட்டை

அதுக்கப்புறம் ரூல் மாறிடுச்சு. ஒரு நாள் டிக்கெட்டோ ரூமோ, பெரியவங்க ஒவ்வொருத்தரும் ஒரிஜினல் காட்டணும், கார்டையும் மொகத்தையும் நான் ஒத்துப் பாக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார். மலையடிவாரத்துல உட்கார்ந்துக்கினு போடற ரூலாங்க இது? வர்றவங்கள்ல பாதி மொட்டை.

குடியாத்தத்துலேர்ந்து அண்ணன் தம்பி மூணு பேர் குடும்பத்தோட வந்தாங்க. மூணும் மொட்டை, மூணுக்கும் மீசை இல்ல, மூணு தலையிலயும் சந்தனம். கார்டுல பாத்தா மூணு பேருக்கும் காடு மாதிரி முடி. எது எவருதுன்னு எனக்குப் புரியல. அவங்களும் கார்டை மாத்தி மாத்திக் குடுத்துட்டு ஒருத்தரையொருத்தர் திட்டிக்கினாங்க. நடு ஆளோட வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, இதுல உங்க வீட்டுக்காரர் யாரும்மான்னு கேட்டேன். வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். ஆனா அந்தம்மா மூணு பேரையும் ஒரு தரம் நின்னு பாத்துச்சு. அப்ப எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. போலீஸ் அனுப்பி வாட்ஸ்அப்புல ஊர் ஊரா சுத்திக்கினு இருந்த நாப்பத்தொண்ணு போட்டோவும் மொட்டைத் தலைதானே. அந்தம்மா கடைசியா ஒருத்தரைக் காட்டிச் சொல்லுச்சு: "வாயைத் தொறந்தா கண்டுபுடிச்சிடுவேன், சும்மா நின்னா எனக்கே டவுட்டாத்தான் கீது."

எந்த முடி வைக்கறது

தூக்கம் போச்சு எனக்கு. லீவு போட்டுட்டு புத்தூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். நாப்பத்தொண்ணு போட்டோ என் போன்ல இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல இதுக்கு முடியும் மீசையும் வெச்சுக் குடுங்க, பாக்கறவங்களுக்கு அடையாளம் தெரியட்டும்னு கேட்டேன். செத்தவர் போட்டோன்னதும் ஸ்டுடியோக்காரர் செருப்பைக் கழட்டிட்டு வந்து உட்கார்ந்தார். மொதல்ல நெத்தி மறையற மாதிரி முடி வெச்சார், சினிமா ஆளு மாதிரி ஆயிடுச்சு. முன்னால வழுக்கை விட்டுப் பாத்தார், ஸ்கூல் வாத்தியார் மாதிரி கீறார். மெல்லிசு மீசை, பெரிய மீசை, தாடி, எல்லாம் வெச்சாச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரு புது ஆளு வந்து நின்னார். நான் அவரை முடியோட பாத்ததே இல்ல, எது சரின்னு எதை வெச்சுச் சொல்றது? ஸ்டுடியோக்காரர் கையைத் தொடைச்சுக்கினு ரொம்ப மரியாதையாச் சொன்னார்: "அவங்க வீட்டு ஆளு யாரையாவது கூட்டினு வாங்க மேடம், அவங்க சொன்னா கரெக்டா வெச்சிடலாம்."

தண்ணியில மெதந்தது

ஒரிஜினல் இல்லாம உள்ள விட மாட்டோம்னா ஜனங்க எடுத்துக்கினு வருவாங்க. ஆனா லாக்கர்ல வெக்க மாட்டாங்க, நம்பிக்கை கெடையாது. அரக்கோணத்து அம்மா ஒருத்தங்க வீட்டு ஆளுங்க அத்தனை பேர் கார்டையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, நைலான் பேண்ட் இடுப்புல சொருவிக்கினு சறுக்குல எறங்கிட்டாங்க. கவர் பிச்சுக்கிச்சு. அலை மெஷின் ஓடற நேரம். மாமனார் ஒரு பக்கம், மச்சினன் ஒரு பக்கம், தண்ணி மேல மொகம் மொகமா போவுது.

முனிரத்னம் விசில் அடிச்சு எல்லாரையும் கரையேத்திட்டு, வலையைப் போட்டு ஒவ்வொண்ணா எடுத்தான். நாப்பத்தொண்ணு போனதுலேர்ந்து அவன் சரியா சோறு கூட துன்றது இல்ல, கண்ணு எந்நேரமும் குளத்தோரமே. எல்லார் கார்டும் கெடச்சுது, அந்தம்மாவோடது மட்டும் கெடைக்கல. போனா போவுது, வேற வாங்கிக்கலாம்மான்னு நான் சமாதானம் சொன்னேன். ஈரம் சொட்டச் சொட்ட கவுண்டர்ல நின்னுக்கினு அந்தம்மா கேட்டாங்க: "கார்டு இல்லாம உள்ளயே விட மாட்டேன்னீங்க, இப்ப நான் எப்பிடி வெளிய போறது?"

மஞ்சக் கயிறு

காணிப்பாக்கத்துல தாலி கட்டிக்கினு நேரா எங்ககிட்ட வந்துச்சு ஒரு ஜோடி. கயித்துல மஞ்சள் ஈரம் கூட போவல. ரூம் கேட்டாங்க. அவன் கார்டைக் குடுத்துட்டான். அந்தப் பொண்ணு கையில எடுத்துச்சு, நீட்டல. இதை எங்கனா அனுப்புவீங்களான்னு கேட்டுச்சு. தங்கறவங்க கார்டு காப்பி இப்ப தினமும் ஸ்டேஷனுக்குப் போவுதுன்னு உண்மையைச் சொன்னேன். அதுக்கு மொகம் செத்துப் போச்சு.

எனக்கு யார் மேலன்னு தெரியாம ஒரு கோவம். அங்க ஒருத்தர், பேர் சொல்ல ஆள் இல்லாம ஐஸ்ல கெடக்கறார். இங்க ஒரு பொண்ணு, பேர் சொன்னா உசுரு போயிடும்னு நடுங்குது. ரெண்டு பேருக்கும் என்னால ஒண்ணும் ஆவல. மேனேஜர் கண்ணாடி ரூம்லேர்ந்து பாத்துக்கினே இருந்தார். வாசல் வரைக்கும் கூடப் போய் மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்னு காட்டினேன், ஒரு தண்ணி பாட்டில் குடுத்தேன். பஸ் ஏறறதுக்கு முன்னால அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு: "கார்டுல எங்க நைனா பேர் கீதுக்கா, காட்டினா அவரே வந்து நிப்பாரு."

ஒரு பிடி மண்ணு

யாரும் வரல. முனிசிபாலிட்டியே பொதைச்சிடுச்சு. பார்க் பேர் கெட்டுப் போவும், யாரும் போவ வேணாம்னுட்டார் மேனேஜர். முனிரத்னம் மட்டும் காய்ச்சல்னு பொய் சொல்லிட்டுப் போனான். மறுநாள் வேலைக்கு வந்தவன் விசிலை மாட்டிக்காம என் கவுண்டர் பக்கத்துல வந்து நின்னான். அவனாவே சொன்னான்: "மண்ணு போடச்சொல்ல அண்ணான்னு கூப்ட்டேன்கா, வேற என்னான்னு கூப்பிடறது?"

கார்டு வந்தது

அடுத்த வாரம், கூட்டமே இல்லாத ஒரு செவ்வாக்கிழமை, வாசல் செக்யூரிட்டி ஒரு பொம்பளையைக் கூட்டினு வந்தார். ஆம்பளை கார்டைக் காட்டி உள்ள வரப் பாக்குது மேடம்னு அவர் புகார். கார்டை வாங்கிப் பாத்தேன். சுருட்டை முடி, பெரிய மீசை. விஜயபுரம் மண்டலத்து அட்ரஸ். ஒரு வெரலை முடி மேல வெச்சேன், இன்னொரு வெரலை மீசை மேல வெச்சேன். ரெண்டுக்கும் நடுவுல, சறுக்குக்கு ஒயரம் கேட்ட மனுஷன் என்னைப் பாத்துக்கினு இருந்தார். பேரையும் படிச்சேன். அதை இங்க எழுத மாட்டேன், அது அவங்க வீட்டுது.

வந்தது அவர் வீட்டுக்காரம்மா. நெலத்துல வேர்க்கடலை போட்டு எடுத்துட்டு மலைக்குப் போயிட்டு வரேன்னு கெளம்பினவராம். மொட்டை போடப் போறதைச் சொல்லவே இல்லையாம். போன் போவல, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாங்க, சொந்தக்காரங்க வீடெல்லாம் தேடினாங்க. கடைசியா சின்னப் பொண்ணுதான் அழுதுக்கினே சொல்லிச்சாம், நைனா தண்ணி பார்க்கைப் பாத்துட்டு வரேன்னாரு, அம்மாகிட்ட சொல்லாதேன்னாருன்னு. என் போன்ல இருந்த போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. இது எனக்கே வந்துச்சும்மா, ஆற்காட்டு நாத்தனாரு அனுப்பினா, யாரு பெத்த புள்ளையோ பாவம்னு தள்ளி விட்டுட்டேன்னாங்க. கூடப் பொறந்தவளுக்கும் தெரியல, கூட வாழ்ந்தவளுக்கும் தெரியல. பொதைச்சாச்சுங்கறதை நான்தான் சொன்னேன். என் வாயால சொன்னதுலயே கேவலமான வார்த்தை அதுதான்.

அவங்க அழுவல. கார்டை வாங்கி முந்தானையால தொடைச்சாங்க. தூசி ஒண்ணும் இல்ல, வாங்கினப்போ இருந்த பளபளப்பு அப்படியே இருந்துச்சு. செக்யூரிட்டிக்காரர் பெரியவர், அவருக்குத் தாங்கல. இது ஒண்ணு அவர் கையில இருந்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பாரேம்மா, ஏன் வீட்ல இருந்துச்சுன்னு கேட்டுட்டார். அவங்க கார்டை விட்டுக் கண்ணை எடுக்காம சொன்னாங்க: "எங்கனா தொலைச்சிடுவாருன்னு நான்தாங்க பீரோல வெச்சுப் பூட்டினேன்."

பார்க்குக்கு வரும்போது ஒரிஜினல் கட்டாயம் எடுத்துக்கினு வரணுமா, வழியில தொலைஞ்சிட்டா என்ன பண்றதுன்னு இப்பவும் தினம் யாராவது போன்ல கேக்கறீங்க, எடுத்துக்கினே வாங்க, தொலைஞ்சா கார்டுதானே தொலையும்.