வற்றிய சுண்ணாம்புக்கல் ஓடை

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சுண்ணாம்புக்கல் ஓடை இந்தக் கோடையில் வற்றிவிட்டது. காலையில் நடக்கப் போனபோது காய்ந்த பாசியின் வாடை மூக்கில் ஏறியது. அரியலூர் பக்கம் எங்கள் ஊர் ஓடை செத்தபோது அடித்த அதே வாடை.

அங்கேயும் அடியில் சுண்ணாம்புக்கல்தான். கல்லிடுக்கிலிருந்து ஊற்று கசியும். சித்திரையிலும் தண்ணீர் தெளிவாக இருக்கும். கால் வைத்தால் கூசும். அயிரை மீன்கள் விரலைக் கடிக்கும். பிறகு பக்கத்தில் சிமென்ட் ஆலைக்காரர்கள் சுரங்கம் தோண்டி, குழியில் ஊறிய தண்ணீரை இரவும் பகலும் இறைத்தார்கள். ஊற்று நின்றுபோனது. ராஜாமணி அத்தை திங்கட்கிழமைதோறும் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனார். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார்.

அதிகாரி தலை நிமிராமல், “மழை இல்லம்மா, அதான் தண்ணி இல்ல” என்றார்.

அத்தை முந்தானையில் முடிந்து வந்த செத்த நத்தைகளை மேசைமேல் கொட்டினார். “போன வருசமும்தான் மழை இல்ல. அப்ப இதுங்க உசுரோட இருந்துச்சே சார்!”

பியூன் எங்களை வெளியே அனுப்பினார். மனு மேசையிலேயே கிடந்தது.

இங்கே குடியிருப்பின் புல்வெளிகளுக்காக ஓடைக்கரையில் போர் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஓடை வற்றுகிறது என்று குடியிருப்பு மேனேஜரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். வறட்சிதான் காரணம் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் எங்கள் ஸ்பிரிங்க்ளரை நிறுத்தினேன்.

“ஏங்க, புல்லு காஞ்சா அசோசியேஷன்ல இருந்து அபராத லெட்டர் வரும்” என்றாள் மனைவி.

“வரட்டும்” என்றேன்.

தெருவில் மற்ற எல்லா வீடுகளிலும் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டுதான் இருந்தது.