மாப்பிள்ளை நின்ற இடம்

எங்கள் ஆட்களின் கலியாணங்களில் மேடையை யாரும் பார்ப்பதில்லை. மேடையில் ஏறுவார்கள், அவ்வளவுதான். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்துக் கலியாணத்துக்கும் பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியவீட்டுக்கும் மேடை போட்டுக் கொடுக்கிறவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதற்கு முன் பிறம்ரனில் பெட்டி தூக்கினேன். அங்கே முதுகு நொந்தது. இங்கே தலை நோகிறது.

வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்பார்கள். ஏறி, பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். பின்னால் என்ன தொங்கியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றும் தொங்காவிட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

இந்தச் சனத்துக்குத்தான் பிறேசில் நாட்டு ஓவியப் பெண்மணி ஒருவர் வயதான காலத்தில் மேடைக்குப் பின்னால் தொங்கும் சீலைகளில் படம் கீறினார்.

அவர் என்னிடம் வேலை கேட்டு வரவில்லை. மகனை நம்பி இந்த நாட்டுக்கு வந்தவர். மகன் வேலை மாறி மேற்கே போய்விட்டான். இவர் போகாமல் மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்ரில் தனியாக இருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது தரை. பெரிய சீலையை விரித்துப் போட ஒரு தரை. என் கிடங்கின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்ததைத் தெருவில் போகும்போது கண்டு உள்ளே வந்துவிட்டார். வாடகையைச் சொன்னேன். காசு இல்லை, கீறித் தருகிறேன் என்றார். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. சண்டை பிடிக்க அது போதுமாக இருந்தது. அவர் சொன்னதை இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

கிடங்கில் எல்லோரும் என்னை அண்ணை என்பார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த அவரும் அண்ணை என்றார். நாங்கள் அவரை அன்ரி என்றோம்.

அன்ரி குந்தியிருந்து கீறுகிறவர் அல்ல. சீலையைத் தரையில் விரித்து, நீளத் தடியில் கட்டிய தூரிகையோடு அதன் மேலேயே வெறுங்காலில் நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் முற்றம் கூட்டுகிற மாதிரி இருக்கும். நடந்துகொண்டே தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். அவருடைய ஊரில் வருடத்துக்கு ஒருமுறை தெருவெல்லாம் ஆட்டமும் ஊர்வலமுமாக இருக்குமாம். சின்ன வயதில் அந்த ஊர்வல வண்டிகளுக்குக் காகிதப் பூ ஒட்டியதுதான் முதல் வேலை. பிறகு ஓவியம் படித்தார். படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்தார். சனம் வந்து பார்த்தது, வாங்கவில்லை. அந்த நேரம் ஒரு தியேட்டரில் நாடகம் ஒன்றுக்கு செற் கீறக் கூப்பிட்டார்கள். ஒரு மாத வேலை என்று போனவர் தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அந்தத் தியேட்டரில் ஒரு பழக்கம். நாடகம் முடிந்ததும் சீலைக்கு வெள்ளை அடித்துவிட்டு அதிலேயே அடுத்ததைக் கீறுவார்கள். சீலை விலை கூட, பெயின்ற் மலிவு. "எல்லாத்தையும் அதே நாலைஞ்சு சீலையிலதான் கீறினனான்" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைத்தியக்கார வேலை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என் கிடங்கிலும் அதையேதான் செய்தோம். அவரேதான் வெள்ளை அடிப்பார்.

எங்களுக்குள் ஒரே சண்டை நடுவைப் பற்றித்தான்.

"அன்ரி, நடுவில ஒண்டும் கீறாதேங்கோ. அதில பொம்பிளையும் மாப்பிள்ளையும் நிப்பினம். ஒருத்தருக்கும் தெரியாது."

"அவை வரமுந்தித் தெரியும்தானே."

"அவை வரமுந்தி ஹோலில ஆர் இருப்பினம்? நானும் கதிரைக்கு உறை போடுறவனும்தான்."

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் பாருங்கோ."

தியேட்டரில் திரை விலகியதும் நடிகர் வருவதற்கு முன் செற் கொஞ்ச நேரம் தனியாக நிற்குமாம். அந்தக் கொஞ்ச நேரம் தன்னுடையது என்பார். எதைக் கீறினாலும் நடுவில் சின்னதாக ஏதாவது வைப்பார். ஒரு கிணறு, ஒரு கதவு, ஒரு நாய். எல்லாம் யாரோ ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் போகும்.

தன் கலியாணத்துக்கு மேடை கேட்டு ஒரு பொம்பிளைப்பிள்ளை வந்தாள். இங்கே பிறந்தவள். மயில் வேண்டாம், யானை வேண்டாம், அன்ரிக்குப் பிடித்ததைக் கீறட்டும் என்றாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதில்லை. அன்ரி தன் ஊர் ஆற்றைக் கீறினார். கடலோடு சேருகிற இடம், பின்னேரம். அக்கரை தெரியாத அகலம். நிறம் முழுக்க மண். நடுவில் ஒரு சின்னப் படகு, ஆள் இல்லாமல்.

ஹோலில் கட்டியதும் பிள்ளையின் தாய் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உது என்ன? கலியாணவீட்டில ஆரும் மண்ணிறத்தில சீலை கட்டுவினமோ?"

"ஆறு, அக்கா."

"ஆறெண்டால் நீலமா எல்லோ இருக்கும். உது வெள்ளம் வந்த மாதிரிக் கிடக்கு."

"மகள்தான் ஓமெண்டவ."

"அவளுக்கென்ன தெரியும்."

மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் நின்று, வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சோ என்று கேட்டார். மாப்பிள்ளை ஆறடி. அவர் நடுவில் ஏறி நின்றதும் படகு போய்விட்டது. அடுத்த கிழமை அந்த ஆறும் வெள்ளைக்குக் கீழே போய்விட்டது. இரண்டு வருடத்துக்குள் கலியாணமும் முறிந்தது. ஆறு கட்டினதால்தான் என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர்களோடு கதைக்க எனக்கு நேரமில்லை.

பிறகு ஒருநாள் அன்ரியின் ஊரிலிருந்து ஒரு பெண் அன்ரியைப் போனில் கூப்பிட்டார். அங்கே ஒரு கலைக்கூடம் அன்ரியின் வாழ்நாள் வேலைகளைக் கண்காட்சியாக வைக்கப் போகிறதாம். வைப்பதற்கு என்ன இருக்கிறது? தொடக்கத்தில் கீறிய சில படங்கள் உறவினர் வீடுகளில் இருந்தன. தியேட்டரில் எடுத்து வைத்த புகைப்படங்கள் தண்ணீர் புகுந்து அழிந்துவிட்டன. செற்றுகளில் மிஞ்சியவை எங்கள் சனத்தின் அல்பங்களில், எங்கள் தலைகளுக்குப் பின்னால் இருந்தவை மட்டும்தான்.

அன்ரி எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "மற்றது கிடைச்சால் கிடைக்கட்டும். ஆறு வேணும், அண்ணை. அந்த ஊர்ச் சனம் அந்த ஆத்தைப் பாக்கோணும்."

ஆறு கட்டின கலியாணப் படத்தைக் கேட்டு, அஜக்ஸில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு என் வானை ஓட்டிக்கொண்டு போனேன். பிள்ளை தாயோடுதான் இருந்தாள். தாய் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே கதைத்தார்.

"அண்ணை, அந்த அல்பத்தைப் பற்றி இந்த வீட்டில கதைக்கிறேல்லை."

"எனக்கு உங்கட கதை வேண்டாம், அக்கா. பின்னால கிடக்கிற சீலைதான் வேணும்."

"சீலைக்கு முன்னால அவன் நிக்கிறானே."

நான் வானுக்குத் திரும்பியபோது பிள்ளை வேலை முடிந்து காரில் வந்து இறங்கினாள். விசயத்தைச் சொன்னேன். காரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அங்கிள், அந்த ரிவர் இப்ப இல்லையா?"

"இல்லை. அதுக்கு மேல வெள்ளை அடிச்சாச்சு."

"ஓகே. படம் தாறன். பட் அவன்ர முகம் அங்க கண்காட்சிக்குப் போகக்கூடாது. முகம் மட்டுமில்லை, ஒண்டும் போகக்கூடாது. நான் இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை."

அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நல்ல தெளிவான படம். வலப்பக்கம் பிள்ளை, இடமும் வலமும் ஆறு, நடு முழுக்க மாப்பிள்ளை. வெட்டினால் ஆறு இரண்டாகும். படம் அச்சிடுகிற கடைக்காரர் கொம்பியூட்டரில் அவரை அழித்து, அந்த இடத்தை நிரப்பிக் கொடுத்தார். எனக்கு நல்லாகத்தான் இருந்தது. அன்ரி ஒருமுறை பார்த்தார்.

"இது தேத்தண்ணி. ஆறில்லை."

அந்தப் படத்தைப் பழையபடி மாப்பிள்ளையோடேயே ஒரு ஆள் உயரத்துக்கு அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். தரையில் விரித்தார். இந்த முறை தடி இல்லை. முழங்காலில் குந்தி, சின்னத் தூரிகையால் மாப்பிள்ளையின் மேல் ஆற்றைக் கீறினார். முதலில் சப்பாத்து போனது. பிறகு கோட். அலைகள் இரண்டு பக்கத்திலும் இருந்த அலைகளோடு பொருந்தின. எப்படி இவ்வளவும் ஞாபகம் என்று கேட்டேன். என் கை மறக்காது என்றார். மூன்றாம் நாள் முகமும் போய், அவருடைய நெஞ்சு இருந்த இடத்தில் படகு வந்தது.

பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"படகு அப்பவே இருந்ததா?"

"இருந்தது. உமக்குப் பக்கத்திலதான்."

"நான் காணேல்லை" என்றாள். தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றாள். தாய்க்குச் சொல்லவேண்டாம், தானே சொல்வேன் என்றாள்.

கலைக்கூடப் பெண் ஆட்கள் இல்லாத படம்தான் வேண்டும் என்றார். அந்தப் பிள்ளையையும் மூடிவிட முடியுமா என்று கேட்டதை அன்ரி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அன்ரி அமைதியாக, முடியாது என்றார். ஆற்றைக் கீற விட்டது அந்தப் பிள்ளை, அவள் நிற்பாள், இல்லாவிட்டால் ஆறும் வராது. அந்தப் பக்கம் யாரையோ கேட்டார்கள். பிறகு சரி என்றார்கள். படத்தைச் சுருட்டி விமானத்தில் அனுப்பினோம்.

அன்ரி போகவில்லை. முழங்கால் அவ்வளவு தூரம் விடவில்லை. கண்காட்சி தொடங்கிய அன்று அந்தப் பெண் போனில் வீடியோவில் வந்தார். நாங்கள் சனிக்கிழமைக் கலியாணத்துக்குப் பிளாஸ்ரிக் பூக் கட்டிக்கொண்டிருந்தோம். எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். சின்னப் படங்களைக் காட்டினார். பிறகு பெரிய சுவர். எங்கள் ஆறு. பட்டுச்சேலையோடு பிள்ளை.

படகைக் காணவில்லை. அதற்கு முன்னால் ஒரு குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் விலக இன்னொரு குடும்பம் வந்து அதே இடத்தில் நின்றது. அங்கேயும் வரிசை.

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

நான் போனை வாங்கி, "உதில நில்லாமல் அங்கால தள்ளி நில்லுங்கோ" என்று கத்தினேன். எனக்கு அவர்களுடைய பாசை தெரியாது. தமிழில்தான் கத்தினேன். ஒருவரும் தள்ளவில்லை.