வாளிக்கு இருநூறு கிராம் உப்பு

ஓசூரில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. மீன் கிடையாது. மணலும் உப்புத் தண்ணீரும் மூன்று சுரபுன்னைக் கன்றுகளும்தான்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் மனைவியும் மகளும் சிதம்பரத்துக்குக் கிழக்கே மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. உப்பங்கழி ஓரத்தில், சுரபுன்னை வேர்களில் சிக்கிக் கிடந்த மகளை மீட்டார்கள். அவள் அம்மா கிடைக்கவில்லை.

ஓசூருக்கு அழைத்து வந்த பிறகு ஏழு வயதுப் பிள்ளை தரையில் கால் வைக்க மறுத்தாள். சாப்பாடு, பாடம் எல்லாம் கட்டில்மேல். குளியலறைக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். நாம் இருப்பது கடலிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் என்று வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவள் கேட்டது தன்னைத் தாங்கிப் பிடித்த அந்த மரத்தைத்தான்.

ஆடியில் வந்த மைத்துனர், ஈரச் சாக்கில் சுற்றி நான்கைந்து காய்கள் கொண்டுவந்தார். பார்க்க ஒடித்த முருங்கைக்காய் போலிருக்கும். மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும் காய். தொட்டி வாங்கி மணலில் நட்டோம். மூன்று பிழைத்தன. முதல் ஜோடி இலை விரிந்த அன்று அவள் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கி வந்து தொட்டியருகே உட்கார்ந்தாள்.

"இது பெருசானா தண்ணி உள்ள வராதுல்லப்பா?"

"வராதும்மா."

தொழிற்சாலையில் நான் தர ஆய்வாளர். அளவு தவறினால் எனக்குப் பொறுக்காது. வாளிக்கு இருநூறு கிராம் கல் உப்பு, தராசில் நிறுத்து. தொட்டியில் தண்ணீர் குறையும்போதெல்லாம் அதே அளவில் கரைத்து ஊற்றினேன். ஒரு நாளும் கை தவறவில்லை.

மாசியில் இலைகள் மஞ்சளாகி நுனி கருகின. குளிர்தான் காரணம் என்று நினைத்துத் தொட்டிக்கு மேல் பல்பு கட்டினேன். தண்ணீர் இன்னும் வேகமாகக் குறைந்தது, இன்னும் ஊற்றினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்ண மீன் விற்பவரிடம் உதிர்ந்த இலையைக் காட்டி, செய்ததையெல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார்.

"ஏன் சார், ஆவியா போவுறது தண்ணிதான? உப்பு எங்க போவும்? வெறும் தண்ணி ஊத்தியிருக்கணும். நீங்க ஊறுகாய் போட்டு வச்சிருக்கீங்க."

நான் வேதியியல் பட்டதாரி.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். ஒரு வாரத்தில் மிச்ச இலைகளும் விழுந்து தண்டு கறுத்தது. வேலை முடிந்து வந்தபோது மகள் மறுபடியும் கட்டில்மேல் இருந்தாள்.

"செத்துடுச்சாப்பா?"

"குளிர் தாங்கலம்மா" என்றேன். உப்பைப் பற்றிச் சொல்லவில்லை. மாமாவிடம் வேறு காய் கேட்கலாம் என்றேன்.

"அதுவும் செத்துரும்" என்று சொல்லிவிட்டு, தொங்கிய காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

முகம் கழுவ அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு வயது முடிந்திருந்தது. கனத்தாள்.