பைன் மரத்தில் ஒரு கொண்டைக்குருவி

திட்டிக்கொண்டேதான் குனிகிறார். பூங்காவில் எல்லோரும் 'வெடியக்கா' என்று கூப்பிடும் தோட்டக்காரர் அவர். இரும்பு வேலிக்குள் நிற்கும் பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகித உறையில் போடுகிறார். உலகத்தில் இந்த வகையில் நூறு மரம்கூட மிச்சமில்லையாம். அதனால் ஓர் ஊசி வெளியே போனாலும் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று உத்தரவு.

"பெத்த பொண்ணுக்குக்கூட நான் இப்படிப் பேன் பார்த்ததில்ல" என்று முணுமுணுக்கிறார். ஆனால் மரத்துக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார். வேலிக்குள் யாராவது செருப்போடு கால் வைத்தால் போச்சு. "வேர் மூச்சு விட வேணாமா?" என்று பாய்ந்துவிடுவார்.

இந்த வாரக் கோபமெல்லாம் கண்காணிப்பாளர் மேல். மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது. உள்ளே மூன்று குஞ்சுகள். பறக்க இன்னும் நான்கு நாளாவது ஆகும். நாளை மறுநாளோ மரத்தைப் பார்க்க விருந்தினர்கள் வருகிறார்கள். பெயர்ப்பலகை முழுக்க எச்சம்.

"கூட்டை எடுத்துடுங்கம்மா. இந்தக் குருவி தெருவுக்கு நூறு இருக்கு. மரம் அப்படியா?" என்றார் கண்காணிப்பாளர், கைபேசியிலிருந்து தலை நிமிராமல். பூங்காவுக்கு நடக்க வந்து பக்கத்தில் நின்ற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"நாமளும்தான் தெருவுக்கு ஆயிரம் பேர் இருக்கோம். அதுக்காக?" என்றார் வெடியக்கா. "மரம் ஒசத்திதான் சார். இல்லேன்னு சொல்லல. ஆனா இத்தனை வருஷத்துல அது என்கிட்ட வாய் திறந்ததில்ல. காலையில வந்ததும் என்னைக் கூப்பிடுறது இதுதான்."

"நாளைக்குக் கூடு இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் கண்காணிப்பாளரே நீளக் கழியோடு வந்துவிட்டார். ஊசி பொறுக்கிக்கொண்டிருந்த வெடியக்கா உறையோடு குறுக்கே போய் நின்றார்.

"கூட்டை நல்லாப் பாருங்க சார். எல்லாம் இந்த மரத்து ஊசி. கலைச்சா மேலிடத்துக்கு எழுதணும். எழுதுறீங்களா?"

"விடும்மா, அது வெறும் குப்பை."

"குப்பையா? அப்போ ஒன்பது வருஷமா நான் முதுகு ஒடியப் பொறுக்கினது என்ன?"

வெடியக்கா உறையைக் கவிழ்த்தார். காலையிலிருந்து பொறுக்கிய ஊசிகள் அத்தனையும் கண்காணிப்பாளரின் பளபளக்கும் காலணி மேல் கொட்டின. "ஒண்ணு குறைஞ்சாலும் எழுதணும் சார்" என்று காலி உறையை நீட்டினார். அதை வாங்க, அவர் கழியைக் கீழே போட வேண்டியிருந்தது.